‘பிரேக் பிடிக்கவில்லை’ என்பது ஒரு பதிலா?

மலையகத்தில் ஒரு பஸ் பள்ளத்தில் பாய்ந்தால் மறுநாள் பத்திரிகைகளில் வரப்போகும் வாக்கியத்தை விபத்து நடக்கும் முன்னரே எழுதி வைத்துவிடலாம். பிரேக் செயலிழந்தமையே விபத்துக்குக் காரணம் என ஆரம்ப விசாரணைகளிலிருந்து தெரியவந்துள்ளதாகப் பொலிஸார் தெரிவித்தனர். அவ்வளவுதான். தமிழ், சிங்களம், ஆங்கிலம் என்ற பேதம் இந்த வாக்கியத்துக்கு இல்லை. ஆரம்ப விசாரணை என்கிறார்களே, அதற்கு ஒரு முடிவு இருந்ததா என்று கேட்டு ஆசிரியபீடம் செய்தியாளரைத் திருப்பி அனுப்புவது மிக அரிது.

பத்திரிகைத் தொழிலில் பல்லாண்டுகள் இருந்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: அந்த வாக்கியம் செய்தியல்ல. இதயம் நின்றதால் இறந்தார் என்று மரணச் சான்றிதழில் எழுதுவதைப் போன்றது அது. இறக்கும் எல்லோருக்கும் இதயம் நிற்கத்தான் செய்கிறது. ஏன் நின்றது என்பதல்லவா கேள்வி?

பிரேக் பிடிக்காமற் போவதற்குப் பல காரணங்கள் உண்டு. காற்று பிரேக் உள்ள வண்டியில் அழுத்தம் இறங்கியிருக்கலாம். திரவ பிரேக் என்றால் குழாய் வெடித்திருக்கலாம். நீண்ட இறக்கத்தில் காலை எடுக்காமல் மிதித்து வந்ததால் லைனிங் சூடேறிப் பிடிப்பை இழந்திருக்கலாம். லைனிங் தேய்ந்து சரிசெய்யப்படாமல் இருந்திருக்கலாம். இவற்றோடு இன்னுமொரு காரணம் உண்டு. பின் அச்சின் டிபரென்ஷியலில் இருந்து கசிந்த ஒயில் சக்கரத்துக்குள் இறங்கி பிரேக் லைனிங்கை நனைத்துவிடுவது.

இந்தக் கட்டுரை அந்தக் கடைசிக் காரணத்தைப் பற்றி மட்டுமே பேசுகிறது. காரணம் எளியது. மற்றவை பெரும்பாலும் திடீரென வருபவை, அல்லது மூடிய டிரம்முக்குள் மறைந்திருப்பவை. டிபரென்ஷியல் கசிவோ வாரக்கணக்கில், சிலவேளை மாதக்கணக்கில், தன் வருகையைத் தரையில் கறுப்பு மையால் எழுதிக் காட்டிவிட்டுத்தான் வருகிறது. அதைப் படிக்க மறுப்பவர்கள் நாம்தாம்.

தவறாகப் புரிந்துகொள்ள வேண்டாம். 2023 ஜனவரி 20 ஆம் திகதி நானுஓயாவில் பஸ்ஸும் வேனும் முச்சக்கர வண்டியும் மோதி 7 பேர் இறந்தார்கள். 2025 மே 11 ஆம் திகதி கொத்மலை, கெரண்டி எல்லவில் 20 இற்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே ஆண்டு செப்டெம்பர் 4 ஆம் திகதி எல்ல – வெல்லவாய வீதியில் 15 பேர் இறந்தார்கள். இவற்றில் எதற்கும் ஒயில் கசிவே காரணம் என்று நான் கூறவில்லை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் காரணங்கள் பேசப்பட்டன. நான் கூறுவது இதுதான்: இத்தனை உயிர்களைக் கொடுத்த பின்னரும் மலை வீதியில் ஓடும் ஒரு வாகனத்தின் அடிப்பக்கத்தைக் குனிந்து பார்க்கும் பழக்கம் இந்த நாட்டில் வேரூன்றவில்லை.

நோர்வூட் வீதியும் இரும்புப் பானையும்

கடல் கடந்து வாழும் வாசகர்களுக்காக இடத்தைச் சொல்லிவிடுகிறேன். ஹட்டனிலிருந்து டிக்கோயா வழியே இறங்கினால் வரும் சிறு நகரம் நோர்வூட். 2017 மே 12 ஆம் திகதி இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி மலையக மக்கள் முன் உரையாற்றியது இங்குள்ள மைதானத்தில்தான். இங்கிருந்து ஒரு வீதி பொகவந்தலாவைக்கும் மற்றொன்று மஸ்கெலியாவுக்கும் பிரிகிறது. மஸ்கெலியா வீதி மேலும் தொடர்ந்து நல்லதண்ணிக்கு, அதாவது சிவனொளிபாதமலையின் அடிவாரத்துக்குச் செல்கிறது. தோட்டத் தொழிலாளி, பாடசாலைப் பிள்ளை, கொழுந்து லொறி, யாத்திரிகர் பஸ் எல்லாம் இந்த ஒரே சந்தியைக் கடந்துதான் போகவேண்டும். ஒரு பக்கம் தேயிலைச் சரிவு, மறுபக்கம் பள்ளம், இடையே வளைவுகள்.

வளைவு என்று வந்துவிட்டால் டிபரென்ஷியலைப் பற்றிப் பேசாமல் முடியாது. பஸ்ஸின் பின்புறம் குனிந்து பார்த்தால் இரு சக்கரங்களுக்கும் நடுவே பானை போல் புடைத்த இரும்புக் கூடு ஒன்று தெரியும். அதற்குள்தான் கிரவுன், பினியன் என்று கராஜில் சொல்லப்படும் பற்சக்கரங்கள் இருக்கின்றன. வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் உட்பக்கச் சக்கரத்தைவிட அதிக தூரம் ஓடவேண்டும். இரு பின் சக்கரங்களுக்கிடையே ஏறத்தாழ 1.8 மீற்றர் இடைவெளி என்று வைத்துக்கொள்வோம். வண்டி ஒரு கொண்டையூசி வளைவில் முழுமையாகத் திரும்பி எதிர்த்திசை நோக்கும்போது வெளிச்சக்கரம் 5.6 மீற்றருக்கு மேல் கூடுதலாக ஓடியிருக்கும். அந்த வித்தியாசத்தை அனுமதித்துக்கொண்டே இரு சக்கரங்களுக்கும் இயந்திரத்தின் விசையைப் பகிர்ந்தளிப்பதுதான் டிபரென்ஷியலின் வேலை. பிரான்ஸைச் சேர்ந்த ஒனெசிபோர் பெக்கர் 1827 இல் வடிவமைத்த அதே தத்துவம்தான் இன்றும் நோர்வூட் வளைவுகளில் சுழல்கிறது.

நேர் வீதியில் இந்தப் பற்சக்கரங்களில் ஒரு பகுதி ஏறத்தாழ ஓய்வில் இருக்கும். நமது வீதிகளில் அதற்கு ஓய்வே கிடையாது. ஏற்றத்தில் முழுப் பாரம், வளைவில் முழு உழைப்பு, இறக்கத்தில் மீண்டும் பாரம். இத்தனைக்கும் அதைக் காப்பாற்றுவது உள்ளே இருக்கும் சில லீற்றர் தடித்த கியர் ஒயில் மட்டுமே. 90, 140 என்று எண்களால் நம் சாரதிகள் அழைக்கும் ஒயில்தான் அது.

இங்கே ஒரு விடயத்தை அழுத்திச் சொல்லவேண்டும். மலை இறக்கத்தில் அனுபவமுள்ள சாரதியின் முதல் பிரேக் காலடியில் இல்லை, கியரில் இருக்கிறது. சிறிய கியரில் போட்டு இயந்திரத்தின் இழுவையால் வண்டியைப் பிடித்துக்கொண்டுதான் அவர் இறங்குவார். அந்த இழுவை சக்கரத்தைச் சென்றடைய உள்ள ஒரே வழி டிபரென்ஷியல்தான். ஒயில் வற்றிப் பற்கள் முறிந்தால் அந்த வழி அறுந்துபோகும். கசிந்த ஒயில் டிரம்முக்குள் போனால் இரண்டாவது பிரேக்கும் போகும். ஒரே கசிவு இரண்டு பாதுகாப்பையும் தின்றுவிடக்கூடியது. இதைத்தான் சாதாரண வடிதல் என்கிறோம்!

விளையாட்டுக் காருக்கு உள்ள மரியாதை

மேலைநாடுகளிலும் இப்போது நம் பிள்ளைகள் வாழும் நகரங்களிலும் ஒரு பொழுதுபோக்கு உண்டு. ரேடியோ அலையால் இயக்கப்படும் சிறு பந்தயக் கார். உண்மைக் காரின் எட்டில் ஒரு பங்கு அளவுள்ள நான்கு சக்கர இழுவை வண்டிகளில் முன்னால் ஒன்று, நடுவில் ஒன்று, பின்னால் ஒன்று என மூன்று டிபரென்ஷியல்கள் இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு நெல்லிக்காயைவிடச் சற்றுப் பெரிது. அதற்குள் சில மில்லிலீற்றர் சிலிக்கன் ஒயில். அந்த ஒயிலுக்கும் 3,000, 5,000, 7,000 என்று தடிப்பு எண்கள் உண்டு. எண்ணை மாற்றினால் வளைவில் வண்டியின் குணமே மாறும்.

அந்த நெல்லிக்காய் ஒழுகினால் அதன் உரிமையாளர் செய்வதைக் கேளுங்கள். முழுவதையும் கழற்றுவார். மூடிக்கும் கூட்டுக்கும் இடையிலுள்ள மெல்லிய கடதாசி கெஸ்கட் கிழிந்திருக்கிறதா என்று பார்ப்பார். பழைய கெஸ்கட்டின் துகள் ஒட்டியிருந்தால் சுரண்டித் துடைப்பார். தண்டு வெளியே வரும் இடத்திலுள்ள இறப்பர் வளையத்தை மாற்றுவார். வளையத்தை மட்டும் மாற்றிவிட்டு நிறுத்தமாட்டார். அந்த வளையம் உரசும் தண்டில் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார்ப்பார். பள்ளம் இருந்தால் புது வளையமும் ஒழுகும் என்பது அவருக்குத் தெரியும். தண்டு ஆடினால் மெல்லிய தகட்டு வளையங்களை இட்டு ஆட்டத்தைக் குறைப்பார். ஒயிலை விளிம்பு வரை நிரப்பமாட்டார். உள்ளிருக்கும் பற்சக்கரங்களின் குறுக்குத் தண்டு மூழ்கும் அளவுக்கு ஊற்றி, குமிழிகள் மேலே வரும்வரை காத்திருப்பார். சூடேறினால் ஒயில் விரியும், விரிய இடம் வேண்டும் என்பதற்காக. பிறகு நான்கு திருகாணிகளையும் ஒன்றுக்கு எதிர் மற்றொன்றாகச் சிறிது சிறிதாக இறுக்குவார். ஒரே பக்கமாக இறுக்கினால் மூடி சாயும், சாய்ந்த பக்கத்தால் ஒழுகும்.

கடைசியில் அதை ஒரு வெள்ளைக் கடதாசியின் மேல் இரவு முழுக்க வைத்துவிட்டு உறங்கப் போவார். காலையில் கடதாசியில் கறை இருந்தால் திரும்பவும் கழற்றுவார்.

பந்தயத்தில் தோற்றால் ஒரு கோப்பை போகும். அந்தக் கோப்பைக்காக இத்தனை பாடு. ஐம்பது அறுபது மனிதர்களை ஏற்றிக்கொண்டு பள்ளத்தின் விளிம்பில் ஓடும் நமது பஸ்ஸுக்கு என்ன நடக்கிறது? ஒயில் வடிகிறது என்று சாரதி சொல்கிறார். ‘குறைந்தால் ஊற்றிக்கொள்’ என்கிறார் முதலாளி. கராஜில் இருப்பவர்கள் அதையே ஒரு பகடியாக்கி வைத்திருக்கிறார்கள்: வடிகிறது என்றால் உள்ளே ஒயில் இருக்கிறது என்றுதானே அர்த்தம்! சிரித்துவிட்டுப் போகிறோம்.

சீல் குற்றவாளியல்ல

ஊற்றி ஊற்றிச் சலித்த பின்னர் ஒருநாள் சீல் மாற்றப்படுகிறது. சில வாரங்களில் அதே இடத்தில் மீண்டும் வடிகிறது. உடனே பழி கடைக்காரர்மீது விழுகிறது. போலிச் சாமான் தந்துவிட்டார் என்று. போலிச் சாமான் சந்தையில் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பல வேளைகளில் புது சீல் நிரபராதி. சீலைக் கெடுத்த காரணம் உள்ளேயே இருக்கிறது.

முதலாவது சந்தேகநபர், அச்சுக் கூட்டின் மேற்பகுதியில் இருக்கும் ஒரு சிறு காற்றுத் துளை. பிரீதர் என்பார்கள். வண்டி ஓடும்போது உள்ளிருக்கும் ஒயிலும் காற்றும் சூடேறி விரிகின்றன. விரிந்த காற்று வெளியேற வேண்டிய மூக்கு அது. மண்ணும் தூசும் பழைய பெயின்ட்டும் அதை அடைத்துவிட்டால் உள்ளே அழுத்தம் கூடும். அழுத்தத்துக்கு வழி வேண்டும். மிகப் பலவீனமான இடம் சீலின் உதடு. அதைத் தள்ளிக்கொண்டு ஒயில் வெளியே வருகிறது. துளையைத் திறக்காமல் எத்தனை சீல் மாற்றினாலும் கதை இதுதான். அந்தத் துளையைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி மாட்ட ஆகும் செலவு அநேகமாக ஒன்றுமில்லை. ஆகும் நேரம் ஒரு பிளேன்டீ குடிக்கும் நேரம்.

இரண்டாவது, அளவுக்கு மீறி ஊற்றுவது. சமதரையில் நிறுத்தி, சற்று ஆறவிட்டு, பக்கவாட்டு அடைப்பைக் கழற்றினால் அந்தத் துளையின் கீழ் விளிம்பு வரை ஒயில் நிற்கவேண்டும். அதுதான் அளவு. சரிவில் நிறுத்தி ஊற்றினால் அளவு பொய்யாகும். எப்படியும் வடியப் போகிறது, நாலு நாளைக்குத் தாங்கட்டும் என்று கூடுதலாக ஊற்றுவது வடிதலைத் தானே அழைப்பது.

மூன்றாவது, பெயாரிங் ஆட்டம். தண்டு நடுவில் நில்லாமல் ஆடினால் சீலின் உதடு ஒரு பக்கம் நசுங்கும், மறுபக்கம் திறக்கும். பினியன் முனையில் வடிந்தால் தண்டைப் பிடித்து அசைத்துப் பார்க்காமல் சீலைத் தட்டி ஏற்றுவது வீண்வேலை. ஆட்டத்தைப் போக்குகிறேன் என்று பினியன் நட்டைக் கண்டபடி இறுக்குவதும் பிழை. பெயாரிங் இறுகிச் சூடேறி அழிந்துபோகும்.

நான்காவது, தேய்ந்த பள்ளம். சீல் உரசும் இரும்புப் பகுதியில் பல வருட உரசலால் ஒரு கோடு விழுந்திருக்கும். புது சீலின் உதடு அதே கோட்டில் போய் உட்கார்ந்தால் இறுக்கம் கிடைக்காது. மெல்லிய உலோக உறையை அதன்மேல் ஏற்றலாம். அல்லது சீல் சற்று முன்பின்னாக, கோடில்லாத இடத்தில் அமரும்படி பொருத்தலாம். முற்றாகத் தேய்ந்திருந்தால் பாகத்தையே மாற்றவேண்டும்.

ஐந்தாவது, பொருத்தும் முறை. சுத்தியலால் ஒரு பக்கமாக அடித்து ஏற்றிய சீல் சாய்ந்து நிற்கும். உள்ளிருக்கும் நூல் போன்ற சுருள் கம்பி கழன்று விழும். உதட்டில் துளி ஒயில் தடவாமல் காய்ந்தபடி ஏற்றினால் முதல் சில கிலோமீற்றரிலேயே கருகும். கெஸ்கட் வைக்கவேண்டிய இடத்தில் சிலிக்கன் பசையை அள்ளி அப்புவதும் வழக்கமாகிவிட்டது. பிதுங்கிய பசை உள்ளே உதிர்ந்து ஒயிலோடு சுற்றும். அது காய உரிய நேரம் தராமல் ஒயில் ஊற்றினால் அப்பியதும் வீண்.

பந்தயக் காரின் நெல்லிக்காயில் செய்யும் அதே வேலைகள்தான் இவையும். காரணத்தைத் தேடு, உரசும் முகத்தைப் பார், ஆட்டத்தைக் குறை, அளவோடு ஊற்று, எதிரெதிராக இறுக்கு, ஓர் இரவு காத்திருந்து பார். புதிய விஞ்ஞானம் எதுவும் இதில் இல்லை.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகத்தை உலுக்கியதை மறந்திருக்கமாட்டோம். அச்சு மூழ்கும் வெள்ளத்தில் ஓடிய வாகனங்களுக்கு ஒரு சிறப்புக் கவனம் வேண்டும். சூடான அச்சுக் கூடு திடீரெனத் தண்ணீரில் குளிரும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கும். காற்றுத் துளை அடைபட்டிருந்தால் சீல் வழியே தண்ணீரை உள்ளிழுக்கும். துளையே நீரில் மூழ்கியிருந்தாலும் அதுதான் நடக்கும். தண்ணீர் கலந்த ஒயில் பால் தேநீர் நிறத்தில் இருக்கும். அதை உடனே மாற்றாவிட்டால் பெயாரிங் துருப்பிடித்து, ஆட்டம் வந்து, மீண்டும் கசிவில்தான் முடியும். அந்த நாட்களில் வெள்ளத்தைக் கடந்த வண்டியில் ஒயில் நிறம் இன்னும் பார்க்கப்படவில்லை என்றால், இன்றே பாருங்கள்.

தீயில் வாட்டிய லைனிங்

இதுவரை சொன்னது கவனக்குறைவு. இனிச் சொல்வது கவனக்குறைவு அல்ல, குற்றம்.

அச்சுக் குழாயின் முனையிலுள்ள சீல் போனால் ஒயில் டிரம்முக்குள் இறங்கி லைனிங்கில் ஊறும். ஊறிய லைனிங்கை எறிந்துவிட்டுப் புதிது போடவேண்டும். அதுவும் ஒரு சக்கரத்துக்கு மட்டுமல்ல, அதே அச்சின் இரு பக்கங்களுக்கும். நடைமுறையில் என்ன செய்கிறார்கள்? பெற்றோலில் கழுவுகிறார்கள். சிலர் தீச்சுவாலை காட்டி ஒயிலை எரிக்கிறார்கள். மேற்பரப்பை உப்புத்தாளால் தேய்க்கிறார்கள். சமதரையில் ஓட்டிப் பார்க்கிறார்கள், பிடிக்கிறது. காசு வாங்கி அனுப்புகிறார்கள்.

லைனிங் பார்வைக்குக் கல் போலிருந்தாலும் நுண்துளைகள் கொண்டது. உள்ளே ஊறியது கழுவினால் போகாது. சமதரையில் இரண்டு தரம் மிதித்தால் லைனிங் பெரிதாகச் சூடேறாது, ஆகவே குட்டு வெளிப்படாது. பாரம் ஏற்றி ஒரு நீண்ட இறக்கத்தில் இறங்கும்போதுதான் லைனிங் கொதிக்கும். அப்போது உள்ளே ஒளிந்திருந்த ஒயில் வியர்வை போல் மேலே வரும். அந்தச் சக்கரம் பிடிக்காது. மற்றச் சக்கரங்கள் பிடிக்கும். வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். சாரதி இன்னும் அழுத்தி மிதிப்பார். நல்ல சக்கரங்களும் அளவுக்கு மீறிச் சூடேறித் தம் பிடிப்பை இழக்கத் தொடங்கும். அதற்குப் பிறகு நடப்பதைத்தான் நாம் ஒரே வாக்கியத்தில் எழுதுகிறோம்: பிரேக் செயலிழந்தது!

செயலிழக்கவில்லை ஐயா. செயலிழக்கச் செய்யப்பட்டது. ஒரு சீலின் விலைக்கும் ஒரு சோடி லைனிங்கின் விலைக்கும் பேரம் பேசிச் செயலிழக்கச் செய்யப்பட்டது.

அவர்கள் சொல்லும் நியாயங்கள்

முதலாளிமார் தரப்பிலும் நியாயம் உண்டு என்பார்கள். கேட்போம்.

உதிரிப்பாகங்களின் விலை தாங்க முடியாதது என்பது முதல் நியாயம். மறுக்க முடியாது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022 இல் ரூபா சரிந்தது. 2025 தொடக்கத்தில்தான் இறக்குமதிக் கதவு அகலத் திறந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் பழைய வண்டிகள் மேலும் பழையனவாயின. இது உண்மை. ஆனால் காற்றுத் துளையைக் கழுவ டொலர் தேவையில்லை. சமதரையில் நிறுத்தி அளவு பார்க்க இறக்குமதி அனுமதி தேவையில்லை. சீலை நேராக ஏற்றுவதற்கும் சாய்த்து ஏற்றுவதற்கும் விலை ஒன்றுதான். இன்று கசிவை அடைக்காமல் சேமிக்கும் பணம் நாளை கிரவுன், பினியன் முறிந்து வண்டி வீதியோரம் கிடக்கும்போது பல மடங்காகப் போகும். கணக்குத் தெரிந்த முதலாளி தன் இலாபத்துக்காகவேனும் குனிந்து பார்க்கவேண்டும்.

பழைய வண்டி என்றால் வடியத்தான் செய்யும் என்பது இரண்டாவது நியாயம். வண்டியின் வயதும் சீலின் வயதும் ஒன்றல்ல. சீல் இறப்பரால் ஆன சிறு வளையம். அது மாற்றுவதற்கென்றே செய்யப்பட்டது. முப்பது வருட வண்டியிலும் முந்தாநாள் போட்ட சீல் புதியதுதான். வடிகிறது என்றால் வயது காரணமல்ல, பராமரிப்பு காரணம்.

சாரதிதான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது மூன்றாவது. நாட் கணக்கில் சம்பளம் பெறும் சாரதி வண்டியை நிறுத்தினால் அவரது அன்றைய வருமானமும் நிற்கும். ‘ஓட்டமுடியாது’ என்று சொல்லும் உரிமையை அவருக்குக் கொடுக்காமல், விபத்து நடந்ததும் முதலில் கைதாகும் பொறுப்பை மட்டும் அவருக்கே கொடுத்திருக்கிறோம். வண்டி யாருடையதோ, சீலை மாற்ற மறுத்தவர் யாரோ, அவர் பெயர் எந்தச் செய்தியிலும் வருவதில்லை.

குனிந்து பார்க்காத அரசு

நமது மோட்டார் வாகனச் சட்டம் 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டம். பஸ்களுக்கும் லொறிகளுக்கும் தகுதிச் சான்றிதழ் கட்டாயம். 2008 இல் புகைப் பரிசோதனையும் வந்தது. புகைக்குழாயில் என்ன வருகிறது என்று கருவி வைத்து அளக்கிறோம். நல்லது. நுரையீரலுக்கு அது தேவை. ஆனால் அதே வண்டியின் அச்சிலிருந்து என்ன வடிகிறது என்று பார்க்கக் கருவிகூடத் தேவையில்லை. ஒரு கைவிளக்கும், அழுக்குப்படச் சம்மதிக்கும் ஒரு சட்டையும் போதும். தகுதிச் சான்றிதழ் வருடத்துக்கு ஒரு நாளின் நிலையைச் சொல்கிறது. பரிசோதனைக்கு முதல்நாள் அச்சைக் கழுவித் துடைத்துவிட்டால் மறுநாள் வடிதல் தெரியாது. இது எல்லா வண்டிக்காரருக்கும் தெரிந்த இரகசியம்.

ஆகவே நான் கேட்பவை இவை.

பரிசோதகர் வண்டியைக் கழுவிய நிலையில் மட்டும் பார்க்கக்கூடாது. சற்றுத் தூரம் ஓடச்செய்து, சூடேறிய பின் பின் அச்சின் நடுவையும் இரு முனைகளையும் பார்க்கவேண்டும். சக்கரத்தின் உட்பக்கத்தில் ஒயில் ஈரம் கண்டால் டிரம்மைக் கழற்றாமல் சான்றிதழ் தரக்கூடாது.

மலை வீதிகளில் ஓடும் பஸ்களின் தரிப்பிடங்களில், அரச டிப்போ ஆகட்டும் தனியார் ஆகட்டும், இரவில் ஒவ்வொரு பின் அச்சின் கீழும் ஒரு காட்போட் மட்டை விரிக்கப்பட வேண்டும். பந்தயக் காரரின் வெள்ளைக் கடதாசிப் பரிசோதனையேதான் இது. கடைகளில் எறியும் பிஸ்கட் பெட்டி மட்டை போதும். காலையில் கறை எங்கே விழுந்திருக்கிறது என்பதே எந்தச் சீல் என்று சொல்லிவிடும். நடுவில் என்றால் பினியன் அல்லது கெஸ்கட். சக்கரத்தின் அருகே என்றால் அந்த வண்டி அன்று ஓடக்கூடாது.

சிவனொளிபாதமலைப் பருவம் டிசம்பர் பௌர்ணமியில் தொடங்கி மே மாத வெசாக் வரை நீளுகிறது. தாழ்நிலத்தின் சமவீதிகளில் ஓடிப் பழகிய பஸ்களும் சாரதிகளும் நோர்வூட் வழியே அலையலையாக வருவார்கள். மலையேறும் முன் நிறுத்திச் சாராய நெடி இருக்கிறதா என்று சாரதியை முகர்ந்து பார்ப்பது போல, வண்டியின் அடியையும் ஒருதரம் பார்க்கட்டும்.

கராஜ் பற்றுச்சீட்டில் ‘சீல் மாற்றியது’ என்று மட்டும் எழுதப்படுவதை உரிமையாளர்கள் ஏற்கக்கூடாது. ஏன் போனது என்பதும் எழுதப்பட வேண்டும். காற்றுத் துளையா, பெயாரிங்கா, தேய்ந்த பள்ளமா? காரணம் எழுதப்படாத வேலை பாதி வேலை.

இன்னொரு பாதிப்பும் உண்டு. நோர்வூட்டைத் தொட்டு ஓடும் கெஹெல்கமு ஓயா காசல்ரீ நீர்த்தேக்கத்தில் விழுகிறது. அதே ஆறுதான் பின்னர் மஸ்கெலி ஓயாவுடன் சேர்ந்து களனி கங்கையாகிறது. கொழும்பு குடிக்கும் நீரில் ஒரு பங்கு இங்கே பெய்த மழைதான். பஸ் தரிப்பிடத்துத் தார்மீது கறுப்பு வட்டங்களாகக் கிடப்பதை அடுத்த மழை கழுவி எங்கே கொண்டுபோகும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. மலையகத்தின் துயரம் தலைநகருக்குக் கேட்பதில்லை என்று நாம் குறைப்பட்டுக்கொள்வோம். அதன் ஒயிலாவது போய்ச் சேருகிறது!

நமது தொழிலுக்கு ஒரு வார்த்தை

இளைய பத்திரிகையாளர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை, அப்படியொரு முறை வராதிருக்கட்டும், வந்தால், ‘பிரேக் செயலிழந்தது’ என்று பொலிஸார் சொன்னதும் குறிப்பேட்டை மூடிவிடாதீர்கள். மூன்று கேள்விகள் கேளுங்கள். எந்தச் சக்கரத்தின் பிரேக்? டிரம்மைக் கழற்றிப் பார்த்தீர்களா, லைனிங் காய்ந்திருந்ததா நனைந்திருந்ததா? கடைசியாக அந்த அச்சில் வேலை செய்தது எப்போது, பற்றுச்சீட்டு எங்கே? பதில் கிடைக்காவிட்டால் பதில் கிடைக்கவில்லை என்பதையே எழுதுங்கள். மூன்று மாதம் கழித்துத் திரும்பப் போய் அதே கேள்விகளை மீண்டும் கேளுங்கள். இறுதி விசாரணை என்று ஒன்று இருந்தால் அது அப்போது வெளியே வரும். இல்லையென்றால் இல்லை என்பது வெளியே வரும். இரண்டுமே செய்திதான்.

பயணிகளுக்கும் ஒன்று. காலையில் பஸ் ஏறும்முன் பின் சக்கரத்தின் உட்பக்கத்தை ஒரு நொடி பாருங்கள். தூசு காய்ந்து மண்ணிறமாக இருந்தால் ஏறுங்கள். கறுத்து, ஈரமாக, பளபளவென்று இருந்தால் நடத்துனரிடம் சத்தமாகக் கேளுங்கள். கட்டணம் கொடுப்பவருக்குக் கேட்கும் உரிமை உண்டு. நாலு பேர் நாலு நாள் கேட்டால் ஐந்தாம் நாள் அந்த வண்டி கராஜுக்குப் போகும்.

எந்த இயந்திரமும் சொல்லாமல் கொல்வதில்லை. துளித்துளியாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. பிரேக் பிடிக்கவில்லை என்று இனியும் யாராவது சொன்னால் அதைப் பதிலாக ஏற்காதீர்கள். அங்கிருந்துதான் கேள்வி தொடங்குகிறது.